இரண்டு மேடைக்கும் ஒரே சாயங்காலம்

அன்புள்ள பாலு,

இந்த நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. “பத்து மணிக்கு மேல பேனாவைத் தொடாதீங்கம்மா, கண்ணு போயிடும்” என்று நீ சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் இருக்கிறது. ஆனால் பகலில் இந்த வீட்டில் எனக்கு ஒரு நாற்காலி காலியாகக் கிடைப்பதே அபூர்வம் என்பது உனக்கும் தெரியும். உன் தம்பி குமார் பள்ளிக்கூட பேண்டில் சேர்ந்ததிலிருந்து டிரம்பெட்டை வீட்டுக்கே கொண்டுவந்து ஊதுகிறான். பக்கத்து வீட்டு மிசஸ் லிம் சுவரைத் தட்டுகிறார். அவன் அதைத் தாளம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாக ஊதுகிறான். அப்பாவுக்குத் துறைமுகத்தில் இந்த வாரம் முழுக்க அதிகாலை வேலை. மீனா படிக்கிறாள், கண்ணா. சத்தமே போடாமல் படிக்கிறாள். அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் உனக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். அதை இதுவரை காப்பாற்றியும் வருகிறேன். இப்போது அந்த வாக்கிலிருந்து என்னை விடுவிக்க முடியுமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். முடியாது என்று நீ சொன்னால் அத்துடன் விட்டுவிடுவேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் பொங்கல் சாயங்காலம் நடந்ததை முழுவதும் படித்துவிடு.

டிசம்பர் விடுமுறை முடிந்து நீ கோலாலம்பூர் திரும்பிய அன்று தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் நின்றோம். நான் இட்லிப் பொட்டலத்தை உன் கையில் கொடுத்தேன். நீ வாங்காமல் என் முகத்தையே பார்த்தாய்.

“மீனா நேத்து சாதத்தைக் கையில வெச்சுக்கிட்டே தூங்கிட்டா. பார்த்தீங்களா இல்லையா?”

“பார்த்தேம்பா.”

“இந்த வருஷம் ஆறாங்கிளாஸ். வருஷக் கடைசியில பெரிய பரீட்சை. மாஸ்டர்கிட்ட பரதநாட்டியம், ஸ்கூல்ல மலாய் டான்ஸ், ரேடியோ நாடகம், கோயில் விழா, சங்கத்து விழா. அவ என்ன மனுஷியா, மிஷினா? உங்களுக்கு வராததை எல்லாம் எங்களை வெச்சு ஆடிப் பாடிப் பார்க்குறீங்கம்மா.”

அப்பா குறுக்கே வந்தார். “டேய், ரயிலு நிக்காது, ஏறு.” நீ ஏறவில்லை. “பொங்கலோட எல்லாத்தையும் நிறுத்திடணும். சத்தியம் பண்ணுங்க, அப்பத்தான் ஏறுவேன்” என்று கையை நீட்டினாய். உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். உனக்கு இப்போது மீசை இருக்கிறது, நீ பொறியியல் படிக்கிறாய், ஆனால் நீட்டிய அந்தக் கை மூன்று வயதில் மிட்டாய்க்கு நீட்டிய அதே கை. மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்?

நீ சொன்னது பொய் என்று நான் எழுதப்போவதில்லை. எனக்குப் பாட்டு வராது என்பது ஊருக்கே தெரியும். சென்னையில் பி.ஏ. படித்தபோது கல்லூரி விழாவில் என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தி, “நீ வாயை மட்டும் அசை” என்றார்கள். உன்னைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுப் பாடினால் நீ எழுந்து உட்கார்ந்து என் வாயைப் பொத்துவாய். அப்பா கை தட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கும் தாளம் தப்பும். இந்த இரண்டு பேருக்கும் நீங்கள் மூவரும் எங்கிருந்து வந்தீர்கள் என்ற ஆச்சரியம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

நாம் அப்போது சிராங்கூன் ரோட்டில், மாவு மில்லுக்கு மேல்மாடியில் ஓர் அறையில் குடியிருந்தோம். உனக்கு ஏழு வயது. வானொலியில் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு உன்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அப்பா உன்னை நிலையத்துக்கு அழைத்துப் போய்விட்டார். நம்மிடம் வானொலிப் பெட்டி கிடையாது. கைக்குழந்தையாக இருந்த குமாரை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே தெருவுக்கு வந்தேன். முடிவெட்டும் கடையில் பெட்டி இருந்தது. பெண் பிள்ளை முடிவெட்டும் கடை வாசலில் நிற்கலாமா என்று யோசித்து, நடைபாதைத் தூணுக்கு இந்தப் பக்கமாக நின்றேன். உன் குரல் வந்தது. கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டார். அதே குரல் எதிர்ப்புறத்து நகைக்கடையிலிருந்தும் வந்தது, காப்பிக் கடையிலிருந்தும் வந்தது. நான் பெற்ற ஒரே குரல் தெரு முழுக்கப் பல வாயால் பேசியது. பாதி சவரம் ஆன முகத்தோடு ஒருவர் எட்டிப் பார்த்து, “யாரு வூட்டுப் புள்ளைங்க இது, கண்ணாடி மாதிரி பேசுது” என்றார். என் பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை. பயமாக இருந்தது. இவ்வளவு பெரிய பொருளை நம் கையில் கொடுத்துவிட்டார்களே, கீழே போட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

அந்தப் பயம்தான், பாலு, நீ மிஷின் என்கிறாயே, அதை ஓட்டியது. கிடைத்ததைப் பாழாக்கிவிடக் கூடாதே என்று ஓடினேன். உனக்கு மிருதங்கம் என்றால் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குமாருக்குப் பேச்சுப் போட்டி என்றால் அதற்கு ஓடினேன். குவீன்ஸ்டவுனில் அரசாங்க வீடு கிடைத்து வந்த பிறகும் பஸ் பிடித்து வாரா வாரம் சிராங்கூன் ரோட்டுக்கு ஓடினேன். ஓடுகிறவளுக்குத் தன் இடுப்பில் இருக்கும் பிள்ளை தூங்குகிறதா அழுகிறதா என்பது தெரியாது. அதை நீ பார்த்தாய். பெரியவனாகிவிட்டாய்.

பொங்கல் அன்று நடந்த விஷயத்துக்கு வருகிறேன். அன்று ஒரே சாயங்காலத்துக்கு நான் இரண்டு மேடைக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். உனக்கு வாக்குக் கொடுப்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டவை அவை. முதலில் ஜாலான் புசார் மண்டபத்தில் பொங்கல் விழா. மீனாவின் பரதநாட்டியம் ஐந்தரைக்கு என்றார்கள். பிறகு நம் பேட்டைச் சமூக நிலையத்தில் பள்ளிக்கூடத்துக் கலைநிகழ்ச்சி. அதில் மீனா மலாய் மெழுகுவத்தி நடனத்தில் ஒருத்தி. அது எட்டு மணிக்கு. நடுவில் தாராளமாக நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். தமிழர் விழா அழைப்பிதழில் போட்ட நேரத்துக்குத் தொடங்கும் என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நம்பினேன் என்றால், நான் படித்த பி.ஏ.யை என்னவென்று சொல்வது?

சிறப்பு விருந்தினர் நேரத்துக்கு வரவில்லை. ஒருவழியாக வந்தார். மாலை போட்டார்கள். அவர் கூட வந்தவருக்கு மாலை. மாலை வாங்கி வந்தவருக்கு ஒரு மாலை. “இரண்டே நிமிடம்” என்று தொடங்கியவர் சங்க காலத்தில் இருந்து கிளம்பினார். மீனா கண்ணுக்கு மை தீட்டி, சலங்கை கட்டி, சுவரோரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அப்பா மெல்லப் போய் விழாக்குழுத் தலைவரிடம், “ஐயா, பிள்ளைக்கு எட்டு மணிக்கு இன்னொரு மேடை இருக்கு, கொஞ்சம் முன்னால விட்டீங்கன்னா...” என்றார்.

“இன்னொரு மேடையா? தமிழ் மேடையை விடப் பெரிய மேடையா சார் அது?”

“பெருசு இல்லீங்க. பஸ் தூரம்தான் பெருசு.”

தலைவர் சிரித்தார். விட்டபாடில்லை.

நான் அந்த நேரத்தில் ஒரு காரியம் செய்தேன். பயந்த பெண்பிள்ளை செய்கிற காரியம். மீனாவின் சலங்கை ஆடும்போது அவிழ்ந்துவிடுமோ என்று, கட்டியிருந்த முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அதன் மேல் இன்னொன்று. பேச்சு நீள நீள என் விரல் சும்மா இருக்கவில்லை. கடைசியில் அவள் ஆடினாள். நன்றாக ஆடினாள் என்று அப்பா சொன்னார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தால் மழை. நம் ஊரில் தை மாத மழையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாக்கடைக்கும் சாலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டாக்சி தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றது. மீனா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் சலங்கையோடு ஓடினாள். தண்ணீருக்குள் சலங்கை எப்படிச் சத்தம் போடும் என்று நினைக்கிறாய்? தவளை மாதிரி. குமார் சிரித்துச் சிரித்துக் குடையை விட்டுவிட்டான்.

டாக்சியின் பின் இருக்கையில் என் சேலை முந்தானையைத் திரையாகப் பிடித்து அவளுக்கு உடை மாற்றினேன். முன்னால் அப்பா, பின்னால் நாங்கள் மூவர். நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஜிமிக்கி எல்லாம் கழற்றிக் கழற்றிப் பிஸ்கட் டின்னில் போட்டேன். மேலே கபாயாச் சட்டை, கீழே சாரோங் கைலி ஏறியாயிற்று. குமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே, “அம்மா, ஹேவ்லாக் ரோடு வந்தாச்சு லா, சீக்கிரம்!” என்று அறிவிப்புச் செய்துகொண்டு வந்தான். கடைசியாகச் சலங்கை. கை வைத்தேன். நனைந்த கயிறு உப்பிப் போய் முடிச்சு கல் மாதிரி இறுகியிருந்தது. நகத்தால் பார்த்தேன், கொண்டை ஊசியால் பார்த்தேன், குனிந்து பல்லால் கூடப் பார்த்தேன். அசையவில்லை.

“மேல மலாய், கீழ தமிழ். இவளுக்கு ரெண்டு டிக்கெட் வாங்கணும் லா” என்றான் குமார். அவன் தலையில் ஒன்று வைத்தேன்.

அப்பா முன் இருக்கையிலிருந்து பேனாக் கத்தியை விரித்து நீட்டினார். “அறுத்துடு. புதுக் கயிறு மாத்திக்கலாம்.”

மீனா சட்டென்று இரண்டு காலையும் இருக்கை மேல் மடக்கிச் சாரோங்குக்குள் ஒளித்துக்கொண்டாள். “அறுக்கக் கூடாதுப்பா! சலங்கையை அவிழ்க்கலாம், அறுக்கக் கூடாது. பூசை போட்டுக் கட்டினது. மாஸ்டர் சொல்லியிருக்கார்.”

“மாஸ்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்டா.”

“இல்லப்பா. இன்னைக்குத்தானே கடைசி? கடைசி நாள்ல போயி அறுக்குறதா?”

டாக்சி ஓட்டியவர் வயதான மலாய்க்காரர். கண்ணாடியில் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். அப்பா தெரிந்த மலாயில் சொன்னார். அவர் பேனாக் கத்தியை ஒருமுறை பார்த்துவிட்டு, வெட்டாதீங்க, பிள்ளை பேச்சைக் கேளுங்க என்றார். அப்பா கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சமூக நிலையத்தில் மற்றப் பெண் பிள்ளைகள் ஐந்து பேரும் உள்ளங்கையில் கிண்ணி, கிண்ணியில் மெழுகுவத்தியுடன் வரிசையில் நின்றிருந்தார்கள். மலாய் டான்ஸ் சொல்லிக்கொடுக்கும் ரொகாயா டீச்சர் எங்களைப் பார்த்ததும், “தா ஆப்பா, பரவாயில்லை, இன்னும் நேரம் இருக்கு” என்று அவளைத் தட்டிக்கொடுத்தார். அப்போது மீனா ஓரடி வைத்தாள். ஜல் என்றது. டீச்சர் சாரோங்கைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. அந்த நடனத்தில், கண்ணா, கால் சத்தமே கேட்கக் கூடாதாம். எண்ணெய் வழிகிற மாதிரி போக வேண்டுமாம். சுற்றும்போதும் மண்டியிடும்போதும் சுடர் அணையக் கூடாது. ஒரு மணி ஒலித்தால் பக்கத்துப் பிள்ளை திடுக்கிட்டுப் பார்ப்பாள், கையில் இருப்பது நெருப்பு.

இந்த இடத்தைக் கவனமாகப் படி. நான் சொன்னேன், “வேண்டாம் டீச்சர். ஐந்து பேரே ஆடட்டும். மீனா, நீ என் பக்கத்துல உக்காரு.” டீச்சர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்கும்தான். வீட்டுக்குப் போய் உனக்கு எழுதலாம், எல்லாம் முடிந்தது என்று. அன்று அவள் மேடை ஏற வேண்டாம் என்று ஆசைப்பட்டவள் நான்.

மீனா அழவில்லை, கெஞ்சவில்லை. மேசையில் மிச்சம் இருந்த தன் இரண்டு கிண்ணிகளை எடுத்துக்கொண்டாள். “ஒலிக்காது டீச்சர்” என்றாள். எப்படி என்று டீச்சர் கேட்டார். “தெரியல. ஆனா ஒலிக்காது.”

டீச்சர் அவளையே பார்த்தார். பிறகு தீக்குச்சியை உரசி அவள் கிண்ணிகளிலும் மெழுகுவத்தி ஏற்றினார்.

அரங்கத்து விளக்கை எல்லாம் அணைத்துவிட்டார்கள். இசைத்தட்டில் அக்கார்டியனும் வயலினும் மெல்லத் தொடங்கின. நான் திரைக்குப் பக்கவாட்டில், கால் தெரிகிற இடத்தில் நின்றேன். அப்பா எனக்குப் பின்னால். பன்னிரண்டு சுடர்கள் இருட்டுக்குள் வந்தன. முதல் அடியில் ஒரே ஒரு மணி ஒலித்தது. பக்கத்தில் இருந்த சீனப் பெண்ணின் கண் இந்தப் பக்கம் திரும்பி, திரும்பவும் நேரே போயிற்று. அப்புறம் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை, பாலு. அத்தனை மணிகள் கட்டிய கால் நடந்தது, சுழன்றது, மண்டியிட்டது. அவள் பின்னால் வளைந்து, சுடர் தரையைத் தொடுமளவு தாழ்ந்து, திரும்ப எழுந்தாள். சாரோங் விளிம்புக்குக் கீழே மணிகளின் பித்தளை மட்டும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மின்னிற்று. சத்தம் இல்லை. குதிகால் எங்கே இறங்குகிறது, விரல் எப்போது ஊன்றுகிறது, எனக்குத் தெரியவில்லை. கால் தரையைத் தொடுகிறதா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தாளம் போடத் தெரிந்த காலைப் பார்த்திருக்கிறேன். தாளத்தை இப்படி அடக்கி வைத்துக்கொள்ளத் தெரிந்த காலை நான் பார்த்ததில்லை.

நான் அவளுக்குப் பால் கொடுத்திருக்கிறேன். அந்தக் காலுக்கு விளக்கெண்ணெய் தேய்த்து நீவியிருக்கிறேன், முள் எடுத்திருக்கிறேன், சப்பாத்து மாட்டியிருக்கிறேன். அன்று அந்தக் கால் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. கோயிலில் கருவறைத் திரையை விலக்கும்போது கை தானாகக் குவியுமே, அதுபோல் என் கை குவிந்தது. சொந்தப் பிள்ளையைப் பார்த்துக் கும்பிடுவது தகுமோ என்னவோ. திரும்பிப் பார்த்தால் அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எங்கே தன் மூச்சுப்பட்டு ஒரு மணி ஆடிவிடுமோ என்பதுபோல.

நடனம் முடிந்து திரை மூடியது. பிள்ளைகள் சுடரை ஊதி அணைத்தார்கள். அந்த இருட்டில் மீனா இரண்டு காலையும் தூக்கி, இத்தனை நேரம் அடைத்து வைத்ததை எல்லாம் சேர்த்து, தரை அதிர ஒரு தட்டுத் தட்டினாள் பார்! ஜல்லென்று அத்தனை மணியும் ஒன்றாக வெடித்தன. வெளியே இருந்தவர்கள் ஏதோ பாத்திரம் விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். உள்ளே ஆறு பெண் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரொகாயா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லிட்டிருந்தது.

அன்றிரவு அவள் சலங்கையோடு தூங்கினாள். காலையில் கயிறு காய்ந்து முடிச்சு நெகிழ்ந்துவிட்டது. அவளே அவிழ்த்தாள். மஞ்சள் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்து, “அண்ணன்கிட்ட சொன்ன மாதிரி முடிஞ்சு போச்சுல்லம்மா? பத்திரமா வெச்சிருங்க” என்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நான்தான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அந்த வாரமே மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வருவோம் என்று சிராங்கூன் ரோட்டுக்குப் போனேன். மளிகைக் கடைக்கு மேல்மாடியில், உனக்குத் தெரிந்த அதே அறை, அதே பாய், அதே கோபம். மீனா இனி வரமாட்டாள், பரீட்சை, அண்ணனும் அப்படித்தான் நினைக்கிறான் என்றேன். “சரிம்மா” என்றார். அத்துடன் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் பூசை போட்ட சலங்கையோடு வேறு நடனம் ஆடியதை மறைத்தால் மனசு கேட்காது என்று அதையும் சொன்னேன். திட்டப்போகிறார் என்று குனிந்து நின்றேன். அவர் தாளம் போடும் தட்டுக்கழியைக் கீழே வைத்தார்.

“ஒரு மணிகூட ஒலிக்கலையா?”

“ஒண்ணே ஒண்ணு. முதல் அடியில.”

“எந்தக் கால்ல?”

எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றேன். வீட்டுக்கு வந்து மீனாவைக் கேட்டேன். புத்தகத்திலிருந்து தலை தூக்காமலே, “இடது” என்றாள். “கட்டைவிரலை மொதல்ல வெச்சுட்டேன். சுண்டுவிரல் பக்கமா எறக்கியிருக்கணும்.” யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். “யாரும் இல்ல. மொத மணி அடிச்சப்பதான் தெரிஞ்சுது.” இதை அப்படியே போய் மாஸ்டரிடம் சொன்னேன், இன்னொரு பஸ் பிடித்து, அதே நாளில். அவர் தட்டுக்கழியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, “அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வகுப்பு வரைக்கும் அவ இடத்துல வேற பிள்ளையை நிறுத்த மாட்டேன். அதுக்கு மேல உங்க இஷ்டம்” என்றார். வகுப்புக்கு வரச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. நீயும் அவர் வகுப்பில் மிருதங்கம் வாசித்தவன்தானே, அவர் கேட்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

அப்பாவிடம் கேட்டேன். “நீ அவனுக்குத்தான் வாக்குக் குடுத்த. அவன்கிட்ட கேளு” என்றுவிட்டார். குமாரிடம் கேட்காமலே பதில் வந்தது: “அவ டான்ஸ் ஆடினாத்தான் எனக்குத் திட்டு கம்மி லா.” மீனாவிடம் கேட்டேன். “அண்ணன் சொன்னா சரி” என்றாள். அவள் அப்படிச் சொல்லும்போது உன்மேல் ஒரு துளிக் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் பேச்சில் பாதி பலித்துவிட்டது என்று தெரிந்துகொள். சங்கத்து விழா இனி இல்லை. இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டார்கள், நான் வாசலிலேயே முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ரேடியோ நாடகம் நிறுத்தியாகிவிட்டது. ஒன்பது மணிக்கு அவள் படுத்துவிடுகிறாள். சாப்பாட்டில் யாரும் தூங்குவதில்லை. இதெல்லாம் நீ சொல்லாவிட்டால் நடந்திருக்காது, இதை மாற்றவும் மாட்டேன். நான் கேட்பது வெள்ளிக்கிழமை வகுப்பு ஒன்றுதான். மேடை இல்லை, மாலை இல்லை, கைதட்டல் இல்லை. அவளும் மாஸ்டரும் அந்தப் பாயும். நான் கீழே மளிகைக் கடையில் உட்கார்ந்துகொள்கிறேன், மேலே ஏறிப் பார்க்கக்கூட மாட்டேன்.

எனக்கு வராததை அவளை வைத்துப் பார்க்கிறேன் என்றாய். இருக்கலாம். ஆனால் அன்று சமூக நிலையத்தில் நான் பார்த்ததை நான் ஆசைப்பட்டிருக்கவே முடியாது. அப்படி ஒன்று உலகத்தில் உண்டு என்பதே எனக்குத் தெரியாதே. தெரியாத ஒன்றுக்கு ஒருத்தி எப்படி ஆசைப்படுவாள்?

ஒரு புத்தி சொல்லவா? நீ இப்போது பெரியவன், நாளைக்கு உனக்கும் பெண்டாட்டி பிள்ளை என்று வரும். அன்பு வைத்திருப்பவர்களிடம் சத்தியம் வாங்கும்போது கொஞ்சம் யோசித்து வாங்கு. அவர்கள் அதைக் காப்பாற்றிவிடுவார்கள். மீனா ஒவ்வொரு நாளும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். நேற்று குப்பைத் தொட்டியை எடுத்துக்கொண்டு வெளி நடையில் போனாள். பின்னால் நின்று பார்த்தேன். வெறும் கால். ஆனால் சுண்டுவிரல் பக்கத்தை முதலில் வைத்து, மெல்ல இறக்கி, ஒன்றும் ஒலிக்காமல் நடக்கிறாள். நடை முழுக்க அப்படியே போய், அப்படியே திரும்பினாள். யாரும் பார்க்கிறார்களா என்று அவள் பார்க்கவில்லை. மிசஸ் லிம் வாசலில் நின்று பார்த்துவிட்டு என்னிடம் சைகையால் கேட்டார், பிள்ளைக்குக் கால் வலியா என்று. இல்லை என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல?

அவள் கேட்கமாட்டாள், அதனால் நான் கேட்கிறேன். நிறுத்திவிடு என்றால் நிறுத்தியே விடுகிறோம், உன்னைக் குறை சொல்லமாட்டேன். தொடரட்டும் என்றால் ஒரு வரி போதும், அதை என் பேருக்கு எழுதாமல் அவள் பேருக்கு எழுது.

எண்ணெய் தேய்த்துக் குளி. விடுதிச் சாப்பாடு பிடிக்காவிட்டாலும் காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. வெள்ளிக்கிழமைக்குள் பதில் இங்கே கிடைக்க வேண்டும், பாலு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுதித் தபாலில் போட்டுவிடு.

உன் அம்மா